ஸ்கைரிம் உங்களுக்கு ஒத்துவருமா? வாரத்தில் நாலைந்து மணி நேரமே கிடைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்கைரிம், டிராகன்கள் உலவும் ஒரு குளிர் நாட்டில் இஷ்டப்படி சுற்றும் கற்பனைச் சாகச வீடியோ கேம். இதுவரை நான்கு பேரை அதன் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். மொபைலில் மிட்டாய் உடைப்பதைத் தவிர வேறெதுவும் ஆடாத அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிக்கெட் கேம் போடும் அலுவலக நண்பர், மச்சான், மச்சானின் கல்லூரித் தோழன். அக்காவும் மச்சானும் மெயின் கதையை முடித்துவிட்டார்கள். தோழன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். கதை எங்கே போகிறதென்று அவனுக்கே தெரியாது, சந்தோஷமாக இருக்கிறான். அலுவலக நண்பர் எட்டாவது மணி நேரத்தில் விட்டுவிட்டார்.

அவர் விட்டதற்குக் காரணம் சண்டை கடினமாக இருந்தது என்பதில்லை. குவெஸ்ட் (கேம் கொடுக்கும் வேலைகள்) பட்டியலில் முப்பது வரி, பை நிறைய பழைய இரும்பு, பத்து நாள் கழித்துத் திறந்தால் எங்கே நின்றோம் என்ற நினைவே இல்லை. அதனால் இந்த வழிகாட்டி சண்டை நுணுக்கங்களைப் பற்றியது அல்ல. எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதைப் பற்றியது.

1. வாங்குவதற்கு முன்பு

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: ஒரு கேமை முழுதாக முடிக்காமல் மூடிவைக்க மனசு வருமா? பட்டியலில் எல்லாவற்றிலும் டிக் போட்டால்தான் தூக்கம் வரும் என்றால் இது வேண்டாம். ஸ்கைரிமில் சில வேலைகளை கேமே திரும்பத் திரும்ப உருவாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு முடிவே கிடையாது.

அடுத்தது மொழி. தமிழில் சப்டைட்டில் இல்லை. ஆனால் உரையாடல்கள் எளிய ஆங்கிலம்தான், சின்னச் சின்ன வரிகள். உள்ளே கிடக்கும் நூற்றுக்கணக்கான புத்தகங்களைப் படிக்காவிட்டாலும் கதை புரியும்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த கேமில் உண்மையிலேயே சாதகமானவை இரண்டு. மெனுவைத் திறந்தால் கேம் அப்படியே நிற்கும். அநேகமாக எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் எழுந்து போகலாம். 2022-இல் வந்த எல்டன் ரிங்கை ஒப்பிட்டுப் பாருங்கள்: அதில் இடைநிறுத்தத் தனிப் பொத்தான் கிடையாது, கடினத்தைக் குறைக்கும் வசதியும் கிடையாது. அது வேறு மாதிரி ஆட்களுக்கான கேம்.

கணினியில் ஆடுவதானால் 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் போதும். மூன்று கூடுதல் பகுதிகளும் அதிலேயே இருக்கின்றன. 8 ஜிபி ரேம், 12 ஜிபி இடம், சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். 2021-இன் ஆனிவர்சரி எடிஷன் புதியவருக்குச் செலவுதான். அதில் கூடுதலாக வரும் ஆயுதங்களும் குவெஸ்ட்களும் ஏற்கனவே நிரம்பிய பட்டியலை இன்னும் நிரப்பும்.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்வுட் கிராமம் வரை வந்தும் "அடுத்த வளைவில் என்ன இருக்கிறது" என்று பார்க்கத் தோன்றவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

2. கையில் கட்டுப்பாடு வந்ததும் மாற்ற வேண்டியவை

கேம் ஒரு மாட்டுவண்டிப் பயணம் மாதிரி தொடங்கும் (இழுப்பது குதிரை). கைகள் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துக்கொண்டு வாருங்கள். ஓடத் தொடங்கியதும் ஒரு பாதுகாப்பான மூலையில் நின்று செட்டிங்ஸைத் திறங்கள்.

சப்டைட்டில் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பாத்திரங்கள் ஒரே நேரத்தில் பேசும். காதால் மட்டும் பிடிப்பது சிரமம்.

தானாகச் சேவ் ஆகும் இடைவெளியை மிகக் குறைந்ததாக வையுங்கள். பயணத்தின்போதும் தூங்கும்போதும் சேவ் ஆகும்படியும் இருக்கட்டும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. தானாக ஆகும் சேவ்கள் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொண்டே போகும். நாள் முடிவில் நீங்களே புதிய சேவ் ஒன்று போடுங்கள். நான் முதல் முறை ஆடியபோது ஒரே சேவ் ஃபைலை மீண்டும் மீண்டும் மேலெழுதினேன். செத்துப்போவதற்கு அரை நொடி முன்பு சேவ் ஆன ஃபைலில் மாட்டி, ஆறு மணி நேர ஆட்டம் போயிற்று.

கடினம்: மொத்தம் 6 நிலைகள். இயல்பாக இருப்பது அடெப்ட். அதில் நீங்கள் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளபடியே. மிக எளிதான நோவிஸில் கொடுப்பது இரட்டிப்பு, வாங்குவது பாதி. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சண்டை நடுவிலும்கூட. அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. அடெப்டில் தொடங்கி, ஒரே இடத்தில் மூன்று முறை செத்தால் இறக்குங்கள். வாரத்தில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் ஒரு மணியை ஒரே எலும்புக்கூட்டிடம் கொடுக்க வேண்டியதில்லை.

சர்வைவல் மோட் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பசி, குளிர், தூக்கம் எல்லாம் சேரும். மேப்பில் தொட்டு நொடியில் போகும் ஃபாஸ்ட் டிராவலும் நின்றுவிடும். நேரம் குறைந்தவருக்கு அந்த வசதிதான் உயிர்.

3. ஆளை உருவாக்குவதில் நேரம் போக்காதீர்கள்

10 இனங்கள். மூக்கு நீளம் முதல் தழும்பு வரை மாற்றலாம். மச்சான் இதிலேயே 50 நிமிடம் உட்கார்ந்தான். அப்புறம் முழு ஆட்டத்திலும் முகத்தை மறைக்கும் ஹெல்மெட்.

ஸ்கைரிமில் தொழில்வகை என்று ஒன்றைத் தொடக்கத்திலேயே பூட்டுவதில்லை. எதைப் பயன்படுத்துகிறீர்களோ அது வளரும். வாள் வீசினால் வாள் திறன் ஏறும், பதுங்கினால் பதுங்கும் திறன் ஏறும். ஆகவே இனத் தேர்வு தலைவிதி அல்ல. முடிவெடுக்க முடியாவிட்டால் நோர்ட் எடுங்கள். குளிர்த் தாக்குதலில் பாதியை அது தாங்கும். இந்த நாட்டில் குளிரால் அடிக்கும் எதிரிகள் ஏராளம்.

4. முதல் ஐந்து மணி நேரம்: இந்த வரிசையை மாற்ற வேண்டாம்

எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். போகலாம்தான். ஆனால் முதல் ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் தண்டவாளத்தில் போங்கள்.

அ) ஹெல்கன் கோட்டையிலிருந்து தப்பி வெளியே வந்ததும், பாதையோரம் மூன்று கற்கள் நிற்கும். போர்வீரன், மந்திரவாதி, திருடன். ஒன்றைத் தொட்டால் அந்த வகைத் திறன்கள் 20 சதவீதம் வேகமாக வளரும். புதியவர்கள் ஓடிக் கடந்துவிடும் இடம் இது. வாள், வில், கேடயம் என்றால் போர்வீரன் கல்.

ஆ) ரிவர்வுட். உங்களுடன் தப்பியவரின் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்சம் சாமான் கிடைக்கும். கொல்லர் அல்வோர் ஆயுதம் செய்யச் சொல்லிக்கொடுப்பார். ஒரு முறை செய்து பார்த்தால் போதும். அப்புறம் லூக்கனின் கடைக்குப் போங்கள். திருடுபோன தங்க நகம் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வார். சரி என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை: கோழியை அடிக்காதீர்கள். அக்கா வில்லைச் சோதிக்க ஒரு கோழியின்மேல் அம்பு விட்டாள். கொல்லரிலிருந்து மரம் அறுப்பவர் வரை ஊரே திரண்டு வந்து அவளை அடித்தது.

இ) பிளீக் ஃபால்ஸ் பாரோ, நகம் இருக்கும் பழைய கல்லறை. மெயின் கதை உங்களை முதலில் வைட்ரன் நகரத்துக்குத்தான் போகச் சொல்லும். நான் இந்தக் கல்லறையை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. வைட்ரனில் மந்திரவாதி ஃபாரன்கர் கேட்கப்போகும் டிராகன் கல்லும் இதே கல்லறையின் கடைசியில்தான் இருக்கிறது. இப்போதே எடுத்துவைத்தால் ஒரு முழு நடை மிச்சம்.

உள்ளே மூன்று இடத்தில் தடுமாறுவார்கள். முதலாவது, மூன்று சுழலும் தூண்கள். விடை கதவின் மேலேயே செதுக்கியிருக்கிறது. ஆனால் நடு உருவம் உடைந்து தரையில் கிடக்கிறது, அதைக் கவனிப்பதில்லை. பாம்பு, பாம்பு, திமிங்கிலம். இரண்டாவது, வட்ட வளையங்கள் உள்ள கதவு. பையைத் திறந்து நகத்தைத் திருப்பிப் பாருங்கள், உள்ளங்கைப் பக்கம் மூன்று உருவங்கள் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை. இந்த வகைக் கதவு பிறகும் வரும். ஒவ்வொன்றுக்கும் விடை அதனதன் நகத்திலேயே இருக்கும் என்பதை இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. மூன்றாவது, கடைசி அறையின் எழுத்துச் சுவர். அதை நெருங்கினால் சவப்பெட்டி திறந்து பெரிய எதிரி வருவான். நெருங்குவதற்கு முன்பே சேவ் போடுங்கள். அவன் விழுந்ததும் அவன் உடலில் டிராகன் கல்லைத் தேடி எடுங்கள்.

ஈ) வைட்ரன். மலைமேல் இருக்கும் அரண்மனைக்கு நேரே ஏறிப்போய் அதிபதியைப் பார்த்து, ஃபாரன்கரிடம் கல்லைக் கொடுங்கள். அடுத்து நகரத்துக்கு வெளியே காவல்கோபுரத்தில் முதல் டிராகன் சண்டை. வீரர்கள் உடன் வருவதால் பயமில்லை. டிராகன் பறக்கும்போது வில், இறங்கியதும் வாள். முடிந்து அரண்மனைக்குத் திரும்பினால் கூடவே வந்து சண்டையிடும் லிடியா என்ற வீராங்கனை கிடைப்பாள். அவள் எதிரியின் கவனத்தை இழுப்பாள், உங்கள் சுமையில் பாதியைத் தூக்குவாள். தனியாக ஆடும் புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

தண்டவாளம் இங்கே முடிகிறது. ஒரு சின்ன ரகசியம்: அந்தக் காவல்கோபுரச் சண்டையை முடிக்கும்வரை ஊர் உலகத்தில் டிராகன்கள் திடீரென்று வந்து தாக்காது. சும்மா பூப்பறித்து, மீன் பிடித்து, மலை ஏறி நடக்கத்தான் ஆசை என்றால் ஃபாரன்கரிடம் கல்லைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு சுற்றலாம். மச்சானின் தோழன் அப்படித்தான் இருக்கிறான்.

5. ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

எட்டாவது மணி நேரத்தில் விட்டுப்போன நண்பரிடம் இல்லாதது இதுதான். அவர் நினைத்த இடத்தில் தொடங்கி, தூக்கம் வந்த இடத்தில் மூடினார். மறுவாரம் திறந்தால் ஏதோ குகை நடுவில், பின்னால் யாரோ துரத்த, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார்.

ஊரில் தொடங்கி ஊரில் முடியுங்கள். முதல் பத்து நிமிடம் விற்பது, வாங்குவது. அப்புறம் ஒரே ஒரு குகை அல்லது ஒரே ஒரு குவெஸ்ட் படி. பெரும்பாலான குகைகள் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் முடிந்துவிடும், கடைசி அறையிலிருந்து வாசலுக்கே திரும்பும் குறுக்குவழியும் இருக்கும். உருவாக்கியவர்கள் நமக்காகவே செய்த மாதிரி. மிச்ச நேரத்தில் ஊருக்குத் திரும்பி, சத்திரத்தில் தூங்கி, புதிய சேவ் போடுங்கள்.

மூடும் முன் போனில் ஒரு வரி எழுதிவையுங்கள்: "வைட்ரனில் இருக்கிறேன், அடுத்து ஐவார்ஸ்டெட் கிராமம்." கேமின் குவெஸ்ட் பட்டியல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். நீங்கள் எதைச் செய்ய நினைத்திருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

பயணத்துக்கு: ஃபாஸ்ட் டிராவல் ஏற்கனவே கண்டுபிடித்த இடங்களுக்கு மட்டுமே. தூரத்து நகரத்துக்கு முதல் முறை போக வைட்ரன் லாயத்தில் நிற்கும் குதிரை வண்டிக்கு 20 நாணயம் கொடுங்கள். மலைச்சரிவில் முட்டி முட்டி ஏறுவதில்தான் நான் பார்த்த எல்லோரும் அதிக நேரத்தைத் தொலைத்தார்கள்.

6. பை

தொடக்கத்தில் 300 எடை தூக்கலாம். தாண்டினால் ஓடவும் முடியாது, ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. குகையின் ஆழத்தில் இது நடந்தால் அன்றைய இரவு முழுதும் எதைக் கீழே போடுவது என்ற யோசனைதான்.

நான் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்றே: விலையை எடையால் வகுத்தால் 10-க்குக் கீழே வருகிறதா? எடுக்க வேண்டாம். மோதிரம், ரத்தினம், மருந்துப் புட்டி எடுக்கலாம். இரும்புக் கவசம், கிண்ணம், கூடை வேண்டாம். டிராகன் எலும்பு ஒன்று 15 எடை; விலை நல்லதுதான் என்றாலும் நாலு சேர்ந்தால் 60. லிடியாவிடம் கொடுத்துவிடுங்கள். முணுமுணுப்பாள், வாங்கிக்கொள்வாள்.

எல்லாவற்றையும் வாரி விற்கலாம் என்றாலும் கடைக்காரரிடமே பணம் இருக்காது. ஊர்க்கடையில் ஒரு நேரத்தில் சில நூறு நாணயம்தான். கேம் கணக்கில் 2 நாள் கழித்துத்தான் மறுபடி நிரம்பும்.

குகையிலோ சாலையோரத்திலோ கிடக்கும் பீப்பாயில் பொருளைப் பதுக்காதீர்கள். அந்த இடங்கள் சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வைத்தது போய்விடும். வைட்ரனில் 5000 நாணயத்துக்கு வீடு விற்கிறார்கள். உங்கள் முதல் பெரிய செலவு அதுவாக இருக்கட்டும். அங்கே உள்ள பெட்டிகள் பத்திரம்.

7. குவெஸ்ட்: ஒன்றை மட்டும் ஆன் செய்யுங்கள்

தெருவில் நடந்தாலே யாராவது ஒரு வேலை சொல்வார்கள். சத்திரத்தில் வதந்தி கேட்டால் இன்னொன்று. பட்டியல் தானாக ஊதும். அதைக் கடனாக நினைக்காதீர்கள். அநேகமாக எதற்கும் கெடு கிடையாது.

பட்டியலில் எல்லாவற்றையும் செயலில் வைத்தால் திசைகாட்டி முழுக்க அம்புக்குறி. எல்லாவற்றையும் அணைத்து இன்றைக்கு உள்ளதை மட்டும் ஆன் செய்யுங்கள். வழி புரியாவிட்டால் ஃபாரன்கர் விற்கும் கிளேர்வாயன்ஸ் என்ற மந்திரத்தை வாங்குங்கள்; தரையில் வெளிச்சக் கோடு போட்டுப் பாதை காட்டும். மந்திரவாதியாக ஆடாதவர்களுக்கும் பயன்படும்.

முதல் ஆட்டத்தில் இரண்டு இழைகள் போதும்: மெயின் கதை, அதோடு ஒரு குழு. வாள்வீரருக்கு வைட்ரனிலேயே இருக்கும் கம்பானியன்ஸ். திருட்டும் பதுங்கலும் பிடித்தால் ரிஃப்டன் நகரத்துத் திருடர் சங்கம். கேமில் நடக்கும் உள்நாட்டுப் போரைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. அதில் சேராமலேயே மெயின் கதை முடியும். கோட்டை கோட்டையாக ஒரே மாதிரிச் சண்டை.

8. லெவலும் பெர்க்கும்

ஒவ்வொரு லெவலிலும் உயிர், மந்திரசக்தி, தெம்பு இவற்றில் ஒன்றை 10 கூட்டலாம். ஒரு பெர்க்கும் (ஒரு திறனுக்குள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பலன்) கிடைக்கும். முதல் பத்து லெவலில் பாதிக்கு மேல் உயிருக்கே போடுங்கள், தவறுகளை மன்னிக்கும்.

திறன்கள் 18. மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு ஆயுதம், ஒரு கவச வகை, ஒரு துணைத் திறன். ஏனென்றால் எதிரிகளில் பலர் உங்கள் லெவலைப் பார்த்து வளர்கிறார்கள். பேச்சு, பூட்டுத் திறப்பு, கொல்லர் வேலை என்று பரவலாக ஏற்றினால் லெவல் எண் ஏறும், கையில் அடி ஏறாது. அலுவலக நண்பர் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிறு முழுதும் இரும்புக் கத்தி அடித்துக்கொண்டிருந்தார். லெவல் ஏறியது. அடுத்த குகையில் கொள்ளைக்காரனே அவரைத் தூக்கிப் போட்டான்.

9. அடிக்கடி நடக்கும் விபத்துகள்

ராட்சதர்கள். பெரிய யானைகளோடு தீமூட்டி அமைதியாக இருப்பார்கள். நெருங்காவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள். நெருங்கினால் ஒரே அடியில் வானத்துக்குப் போய்விடுவீர்கள், சொல்லழகுக்காகச் சொல்லவில்லை.

ஹை ஹ்ரோத்கர் என்ற மலைமேல் மடத்துக்கு ஏறும் படிகளில் ஒரு பனிப்பூதம் காத்திருக்கும். மெயின் கதை உங்களைச் சீக்கிரமே அங்கே அனுப்பும். நான் பார்த்த நால்வரில் மூன்று பேர் முதல் முறை செத்தது அங்கேதான். லிடியாவை முன்னால் விட்டு, நெருப்பு மந்திரத்தைப் பயன்படுத்துங்கள். நெருப்பு அதற்கு ஆகாது. இல்லையென்றால் நிற்காமல் ஓடிக் கடந்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ரத்தக் காட்டேரிகளோடு சண்டையிட்ட பிறகு திரையின் மூலையில் நோய் தொற்றியதாக ஒரு வரி வந்து மறையும். அதைக் கவனிக்காமல் விட்டால் கேம் கணக்கில் 3 நாளில் நீங்களே காட்டேரி. பகலில் வெயிலில் வலு குறையும், மருந்தும் அப்போது கேட்காது. 3 நாளுக்குள் நோய் தீர்க்கும் மருந்தைக் குடித்தாலோ, எந்தத் தெய்வத்தின் பீடத்தையாவது தொட்டு வணங்கினாலோ சரியாகிவிடும். வைட்ரன் கோயிலில் பீடம் இருக்கிறது, காசு கிடையாது.

மோட்கள் (ரசிகர்கள் உருவாக்கி கேமில் சேர்க்கும் மாற்றங்கள்): முதல் ஆட்டத்தில் வேண்டாம். ஏதாவது உடைந்தால் கேமின் தவறா மோடின் தவறா என்று கண்டுபிடிப்பதிலேயே உங்கள் நாலு மணி நேரம் போகும்.

10. ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பும்போது

தீபாவளி, தேர்வு, அலுவலகக் கெடு என்று ஏதாவது வரும். விட்டுப்போவது நிச்சயம். புதிய ஆளை உருவாக்கி முதலிலிருந்து தொடங்காதீர்கள். அப்படிச் செய்பவர்கள் குதிரை வண்டிக் காட்சியை ஐந்து முறை பார்ப்பார்கள், கதையின் நடுப்பகுதியை ஒரு முறைகூடப் பார்க்கமாட்டார்கள்.

பழைய சேவ் ஃபைலைத் திறந்து, கடினத்தை ஒரு படி இறக்குங்கள். விரல்களுக்குப் பொத்தான்கள் நினைவுக்கு வர அரை மணி ஆகும். பக்கத்தில் ஏதாவது சின்னக் கொள்ளையர் குகைக்குப் போய் வாருங்கள். பையில் எதற்கென்று தெரியாத பொருளையெல்லாம் வீட்டுப் பெட்டியில் கொட்டுங்கள்; குவெஸ்ட் பொருள் என்றால் கேமே கீழே வைக்க விடாது. அப்புறம் போனில் எழுதிவைத்த அந்த ஒரு வரியை எடுத்துப் பார்த்துவிட்டு, கடினத்தை மறுபடி ஏற்றிக்கொண்டு ஐவார்ஸ்டெட்டுக்குக் கிளம்பலாம்.